வாசல்ல நிறுத்துறவனுக்குத் தெரியும், அது வெறும் துணியான்னு

எல்லாருக்கும் வணக்கம். நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எங்க அணித் தலைவருக்கு வணக்கம், தன்னோட நேரம் முடிஞ்சும் மைக்க விடாம என் நேரத்துலயும் அஞ்சு நிமிஷத்த எடுத்துக்கிட்ட எதிரணி அண்ணனுக்கு தனியா ஒரு வணக்கம்.

தலைப்பு என்ன? நாம உடுத்துற உடை பண்பாட்டு அடையாளமா, இல்ல வெறும் வசதியா. நான் அடையாளம்ங்கிற பக்கம். அண்ணன் வசதின்னு பேசிட்டு உக்காந்துட்டாரு. வெயில் அடிச்சா பருத்தி, குளிர் அடிச்சா கம்பளி, இதுல பண்பாடு எங்க வந்துச்சு, வேட்டிக்கே வெல்க்ரோ வச்சாச்சு, நம்ம ஊரு பொம்பளைங்களோட உண்மையான தேசிய உடை நைட்டிதான்னாரு, நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க, முன்வரிசையில ஒரு அக்காவுக்கு சிரிச்சு புரையேறி பக்கத்துல இருந்தவங்க தலையில தட்டுனாங்க. நானும் சிரிச்சேன். பொய்யா சொன்னாரு? நானே வீட்டுக்குப் போனா நைட்டிதான்.

ஆனா அண்ணே, ஒண்ண கவனிச்சீங்களா. காலையில பெல் அடிக்குது, வாசல்ல கேஸ்காரரு. உங்க வீட்டம்மா நைட்டியோட அப்படியே போயா கதவத் தொறக்குறாங்க? கை எங்க போகுது? கொடியில கெடக்குற துண்டுக்குப் போகுது. துண்டு கெடைக்கலன்னா பிள்ளையோட யூனிபார்ம் துப்பட்டா, அதுவும் கெடைக்கலன்னா சோபா மேல விரிச்ச துணிய உருவி தோள்ல போட்டுக்கிட்டு போறாங்க. நைட்டி வசதி, சரி. அந்தத் துண்டு யாருண்ணே? அதுல என்ன வசதி? சித்திரை வெயில்ல கழுத்தச் சுத்தி ஒரு டர்க்கி டவல் போட்டுக்கிறதுல என்ன வசதின்னு சொல்லுங்க, நான் இப்பவே உங்க அணிக்கு வந்துர்றேன். அந்தத் துண்டு நல்லதா கெட்டதான்னு வேற ஒரு மேடையில பேசுவோம். அது வசதி இல்ல, அவ்வளவுதான் இப்ப.

எங்கப்பா மதுரையில மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்மேனா இருந்தவரு. கடைக்கு ஆள் ஏறும்போதே இவங்க இந்தப் பக்கத்துக்காரங்க, இவங்களுக்கு இந்தக் கட்டம் போட்ட சேலைய எடுத்துப்போடுன்னு சொல்லுவாராம். செட்டிநாட்டுப் பக்கத்து ஆச்சின்னா கண்டாங்கி, கட்டம் பெருசா, கரை அகலமா இருக்கணும். வேட்டி எடுக்க வந்தா கரையக் கேட்டாலே போதும். இன்னைக்கும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு பாருங்க, யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேச வேணாம், கறுப்பு சிவப்புக் கரை யாரு, நடுவுல வெள்ளை ஓடுற கரை யாருன்னு ஆளுக்கு முன்னாடி வேட்டி வந்து கட்சி பேரச் சொல்லிரும். பச்சைத் துண்டு தோள்ல கெடந்தா விவசாய சங்கம், செந்துண்டுன்னா தோழர், கறுப்புச் சட்டைன்னா பெரியார் கட்சி. துண்டுன்னா தொடைச்சுக்கத்தான்னா எந்தக் கலரா இருந்தா என்ன? வேர்வைக்கு கலர் தெரியுமா?

கேரளாவ எடுத்துக்கோங்க. அதே வெள்ளை முண்டு, அதே கடையில வாங்கினது. முஸ்லிம் இடப்பக்கம் சொருகிக் கட்டுவாரு, இந்து வலப்பக்கம் சொருகுவாரு. துணி மாறல, வெல மாறல, கட்டுற பக்கம் மட்டும் மாறுது. இதுல எந்தப் பக்கம் வசதி ஜாஸ்தின்னு அண்ணன் சொல்லணும்.

சரி இதெல்லாம் சிரிப்புக்கு. இப்ப கொஞ்சம் வேற மாதிரி பேசுறேன்.

உடை அடையாளமா இல்லையான்னு, உடுத்திக்கிட்டு நிம்மதியா போறவங்ககிட்ட கேட்டா பதில் கெடைக்காது. அவங்களுக்கு அது துணிதான். வாசல்ல நிறுத்தப்பட்டவங்ககிட்ட கேக்கணும். 2014 ஜூலையில சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப்புல புத்தக வெளியீட்டு விழா. உயர்நீதிமன்ற நீதிபதி ஒருத்தர், பதவியில இருக்கறவரு, அழைப்பிதழோட போறாரு, வேட்டி கட்டியிருக்காரு. உள்ள விடமாட்டோம்னுட்டாங்க. எங்க டிரஸ் கோடு அப்படின்னாங்க. தமிழ்நாட்டுல, தமிழ்நாட்டு தலைநகரத்துல, ஊருக்கே தீர்ப்பு சொல்ற மனுசன் வேட்டி கட்டினதால வெளிய நிக்கிறாரு. அந்தக் கிளப்பு என்ன, வேட்டி தடுக்கி விழுந்துருவாருன்னு அவரு மேல அக்கறைப்பட்டா நிறுத்துச்சு? அந்த விதி வெள்ளைக்காரன் காலத்து கிளப்புகள்ல இருந்து வந்த விதி. அவன் போயாச்சு, அவன் எழுதி வச்ச போர்டு மட்டும் போகல. அந்த போர்டுக்கு வேட்டி ஒரு துணி இல்ல, வேட்டின்னா நீ எங்க ஆளு இல்லன்னு அர்த்தம்.

அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த மாசமே, ஆகஸ்ட்டுல, சட்டசபையில சட்டம் வந்துருச்சு. வேட்டி கட்டினவர உள்ள விடாத இடத்துக்கு லைசென்ஸ் போகும், ஓராண்டு வரைக்கும் சிறை, 25,000 ரூபா அபராதம். அண்ணே, வசதிக்காக ஒரு சட்டசபை சட்டம் போடுமா? பெர்முடாஸுக்காக யாராச்சும் சட்டம் போட்டிருக்காங்களா? இத்தனைக்கும் அன்னைக்கு வேட்டிக்காக பொங்குன பாதிப் பேரு பேண்ட்டுலதான் நின்னு பொங்குனாங்க, அது எனக்கும் தெரியும். தினம் கட்டாட்டியும் அத ஒருத்தன் கேவலமாப் பார்த்தா கோபம் வருதுல்ல, அது பேரு என்ன?

இது புதுசும் இல்ல. வேலூர் கோட்டைக்குப் போயிருப்பீங்க, அகழியப் பார்த்து செல்பி எடுத்திருப்பீங்க. 1805 கடைசியில கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல ஒரு உத்தரவு வருது. நெத்தியில விபூதி, நாமம் எதுவும் கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடு, பழைய தலைப்பாகையக் கழட்டிட்டு தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகைய மாட்டு, அதுல தோல்ல செஞ்ச குஞ்சம் வேற. இந்து சிப்பாய்க்கும் ஆகல, முஸ்லிம் சிப்பாய்க்கும் ஆகல. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி கோட்டையே வெடிச்சுருச்சு. திப்புவோட பிள்ளைங்க அந்தக் கோட்டைக்குள்ளதான் இருந்தாங்க, மத்த கோபங்களும் நெறைய இருந்துச்சு, தொப்பி ஒண்ணுக்காகவே அத்தனை பேரும் செத்தாங்கன்னு நான் சொல்லல. ஆனா திரியில பத்துன நெருப்பு அந்தத் தொப்பி. ஒரே நாள்ல அடக்கிட்டாங்க, நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க செத்தாங்க, ஆனா அந்தத் தலைப்பாகை உத்தரவ வாபஸ் வாங்குனாங்க, மெட்ராஸ் கவர்னர் பென்டிங்கயும் படைத்தளபதி கிரடாக்கையும் திருப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்க. தொப்பி வசதியா இல்லன்னா சிப்பாய் தொப்பி சைஸ் மாத்திக் குடுன்னு மனு குடுத்திருப்பான், துப்பாக்கி தூக்கியிருக்க மாட்டான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? கை தூக்குங்க. ஆங், ரெண்டு மூணு பேர் இருக்கீங்க. உங்க பாட்டியோட பாட்டி கதை இது. அன்னைக்கு அது திருவிதாங்கூர். நாடார் பெண்களும் மத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மாரை மறைச்சு மேலாடை போடக்கூடாது, அது மேல்சாதிக்கு மட்டும். போட்ட பெண்கள சந்தையில வச்சு துணியக் கிழிச்சாங்க. பல வருசம் நடந்த சண்டை, தோள்சீலைப் போராட்டம்னு சொல்றோம். கடைசியில 1859ல ராஜா உத்தரவு போட்டாரு, நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கலாம்னு. அங்கதான் ஒரு நிபந்தனை வச்சாரு, இத நல்லா கேளுங்க நடுவர் ஐயா, போட்டுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாது. மறைச்சுக்கோ, பரவால்ல. ஆனா தூரத்துல இருந்து பார்த்தாலே நீ யாருன்னு எனக்குத் தெரியணும். இத விட என்ன சாட்சி வேணும்? உடை ஒரு பாஷைன்னு நான் சொல்லல, அந்த ராஜா உத்தரவு சொல்லுது.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சு. பெரிய மனுசன் எதிர்ல வந்தா தோள்ல கெடக்குற துண்ட எடுத்து கக்கத்துல வச்சுக்கணும், இல்ல இடுப்புல கட்டணும். ஊரே மெச்சுற நாகஸ்வர வித்வானா இருந்தாலும் சில பேரு முன்னாடி வாசிக்கும்போது துண்டு இடுப்புக்குப் போயிரணும். நான் கேக்குறேன், துண்டு எடை எவ்வளவு இருக்கும்? அது தோள்ல இருந்து இடுப்புக்கு எறங்குன தூரம் ஒரு முழம் ஒன்றரை முழம் இருக்குமா? அந்த ஒரு முழத்த ஏறுறதுக்கு நம்ம ஆளுங்களுக்கு எத்தனை தலைமுறை ஆச்சு.

தண்ணி குடிச்சுக்கிறேன். நடுவர் பெல்லு மேல கை வைக்கிறாரு, ஐயா இன்னும் ரெண்டு விஷயம்தான்.

வெயிலுக்கு பருத்தி குளிருக்கு கம்பளின்னு அண்ணன் சொன்னாருல்ல, அத வச்சே பேசுறேன். மேலமாசி வீதி 251ஆம் நம்பர். இன்னைக்கு கீழ கதர்க்கடை இருக்கு, நாம அந்தப் பக்கமா பர்ஸப் பிடிச்சுக்கிட்டு கூட்டத்துல நசுங்கிப் போயிட்டே இருப்போம், மாடிய நிமிந்து பார்க்க மாட்டோம். 1921 செப்டம்பர் 22, அந்த மாடியிலதான் காந்தி வேட்டி சட்டை தொப்பி எல்லாத்தையும் விட்டுட்டு முழங்கால் அளவுக்கு ஒரு துண்டுக்கு மாறுனாரு. வர்ற வழியில ரயில்ல ஜனங்ககிட்ட கதர் கட்டுங்கன்னு சொல்லியிருக்காரு, கதர் வாங்க காசில்லைங்கன்னு பதில் வந்திருக்கு. அந்த பதில் அவர உறுத்திருச்சு. அவங்களுக்கு இல்லாத மேல்துணி எனக்கு எதுக்குன்னு கழட்டிட்டாரு. சரி, மதுரை வெயிலுக்கு அது வசதின்னே வச்சுப்போம். பத்து வருசம் கழிச்சு 1931ல லண்டனுக்கு வட்டமேசை மாநாட்டுக்குப் போறாரு. அங்க குளிர்காலம் ஆரம்பிச்சுருச்சு. அரண்மனைக்கு ராஜாவப் பார்க்கவே அதே அரைத்துணி, மேல ஒரு சால்வை, கால்ல செருப்பு, அவ்வளவுதான். எங்கண்ணே போச்சு உங்க கம்பளி?

அதே மாநாட்டுக்கு இன்னொருத்தரும் போயிருந்தாரு. அம்பேத்கர். அவரு என்ன போட்டிருந்தாரு? கோட்டு, டை, சூட்டு. லண்டன்ல அது வசதி, ஒத்துக்கிறேன். ஆனா ஊருக்கு வந்தும் அதேதான். நம்ம நாட்டு வெயில்ல கோட்டும் டையும் வசதியா? தண்ணி தொடக்கூடாது, நல்ல துணி கட்டக்கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா சொல்லி வச்ச சனத்துல பொறந்தவரு அவரு. அவரு சட்டையக் கழட்டினா அதுல என்ன செய்தி இருக்கு? அவங்க சனத்துக்கிட்ட இருந்து ஏற்கனவே கழட்டினதுதானே அது. அதனால அவரு போட்டாரு. முழுசா, ஒரு பட்டன் விடாம போட்டாரு. இன்னைக்கும் ஏதோ ஒரு கிராமத்து முக்குல, கூண்டுக்குள்ள நிக்கிற சிலையில கூட நீலக் கோட்டும் கையில புத்தகமுமா நிக்கிறாரு. கோட்டு இல்லாம ஒரு அம்பேத்கர் சிலைய நீங்க பார்த்திருக்கீங்களா, நான் பார்த்ததில்ல.

ஒருத்தர் கழட்டினாரு, ஒருத்தர் போட்டாரு. ஒருத்தருக்கு குளிர், ஒருத்தருக்கு வெயில். ரெண்டு பேருக்கும் வசதி இல்ல. ரெண்டு பேரும் நான் யாரோட ஆளுன்னு வாயத் தொறக்காம சொன்னாங்க.

எதிரணியில பேராசிரியர் அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நேர்மையா சொல்லணும்னா அந்த அணியில எனக்கு பயமா இருந்த கேள்வி அது ஒண்ணுதான். பண்பாடு பண்பாடுன்னு சொல்லி கடைசியில பொம்பளப் பிள்ளைங்க தலையிலதானே கட்டுறீங்க, ஆம்பள பேண்ட்டுக்கு மாறி நூறு வருசம் ஆச்சு, அவன ஒருத்தனும் கேக்கலையேன்னு கேட்டாங்க. அம்மா, உண்மை. கல்யாண ரிசப்ஷன்ல மாப்பிள்ளை கோட்டு சூட்டுல நிப்பாரு, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, பொண்ணு மட்டும் பண்பாட்ட ஆறு கிலோவுக்கு சுமந்துக்கிட்டு நிக்கணும். 2015 கடைசியில கோயிலுக்கு ஜீன்ஸ், லெக்கிங்ஸ் போட்டு வரக்கூடாதுன்னு மதுரையில கோர்ட்டு உத்தரவே வந்துச்சு, அப்புறம் அது ரத்தாச்சு. இதுல எனக்கும் கோபம் உண்டு. காலேஜ் படிக்கும்போது கேட்டுல ஒரு மேடம் நின்னு துப்பட்டாவ பின் குத்தியிருக்கமான்னு பார்ப்பாங்க, நான் ஒரு நாள் பின் இல்லாம போயி முதல் பீரியடு முழுக்க வெளிய நின்னேன். 

ஆனா அம்மா, இது உங்க கட்சிக்கு சாட்சி இல்ல, என் கட்சிக்கு சாட்சி. வெறும் வசதின்னா எவன் அத்தனை மெனக்கெட்டு கேட்டுல நிப்பான்? செருப்பு பிராண்ட் என்னன்னு எவனாச்சும் செக் பண்றானா? அதுல அடையாளம் இருக்குன்னு தெரிஞ்சுதான் அதப் புடிக்கிறான். அந்தத் துப்பட்டா என் அடையாளம் இல்ல, அந்த மேடம் என் மேல எழுதப் பார்த்த அவங்க அடையாளம். நான் இன்னைக்கு கட்டியிருக்க சேலை நானா எடுத்தது, நாளைக்கு பேண்ட் போடுறதும் நானா போடுறது, ரெண்டும் நான் யாருன்னு நான் சொல்றதுதான். இன்னொண்ணு, இந்தப் பழமை பழமைன்னு பேசுறவங்க இருக்காங்களே, இந்த சேலை, ஜாக்கெட்டு, உள்பாவாடை செட்டே இப்ப இருக்க மாதிரி பரவினது 19ஆம் நூற்றாண்டு கடைசியிலதான். வங்காளத்துல தாகூர் குடும்பத்து மருமக ஞானதானந்தினி தேவிக்கு அதுல பெரிய பங்கு. நம்ம கொள்ளுப்பாட்டி ஜாக்கெட் போடாம கண்டாங்கிய பின்கொசுவம் வச்சு கட்டிக்கிட்டு வயல்ல வேலை பார்த்தவ. அவளுக்கு பண்பாடு இல்லையா?

ஐடி தம்பி ஒருத்தர், நான் வருசம் முழுக்க ஜீன்ஸ், அப்ப நான் தமிழன் இல்லையான்னு கேட்டாரு. தம்பி, நீ தமிழன்தான், சந்தேகமே இல்ல. ஆனா கழுத்துல ஒரு டேக் தொங்குதே, ஆபீஸ் விட்டு வந்து டீக்கடையில நிக்கும்போதும் கழட்டாம, அது எந்த வசதிக்குப்பா? பொங்கலுக்கு ஆபீஸ்ல வேட்டி கட்டி பத்து போட்டோ போட்டியே, அன்னைக்கு மட்டும் ஊர்ல வெயில் ஜாஸ்தியா?

கைலி நம்மளுதே இல்ல, மலேசியாவுலயும் கட்டுறாங்க, சுங்குடியே குஜராத்துல இருந்து வந்தவங்க செஞ்சது, கலப்பு துணியில எங்க அடையாளம்னும் கேட்டீங்க. நல்ல கேள்வி. மலேசியாவுல அந்தக் கைலிக்கு என்ன பேரு தெரியுமா? கைன் பெலிக்கட். பெலிக்கட்னா நம்ம பழவேற்காடு. திருவள்ளூர் பக்கம் ஒரு மீன்பிடி ஊரு, பறவை பார்க்கப் போவோமே, அந்த ஊரு பேர இடுப்புல கட்டிக்கிட்டு மலாய்க்காரங்க தொழுகைக்குப் போறாங்க. சுங்குடி சௌராஷ்டிரா மக்கள் கொண்டு வந்த வேலைதான், யாரு மறைச்சா? துணிய சின்னச் சின்னதா கிள்ளி நூலால முடிச்சு போட்டு சாயத்துல முக்கி, காஞ்சதும் முடிச்ச அவுத்தா புள்ளி புள்ளியா வெள்ளை. 2005ல புவிசார் குறியீடு வாங்கினப்ப என்ன பேருல வாங்குச்சு, மதுரைச் சுங்குடின்னுதானே. வந்தவங்களும் மதுரைக்காரங்க ஆனாங்க, துணியும் மதுரைக்காரி ஆச்சு. எங்கம்மா பிரசவத்துக்குப் போனப்போ கட்டியிருந்தது சுங்குடி, என்னைப் பொதிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அதே பழைய சுங்குடிய கிழிச்ச துணியில. இப்ப கடையில சுங்குடின்னு குடுக்குறதுல நெறைய பிரிண்ட், முடிச்சு போடுற கை கொறஞ்சு போச்சு, அது வேற வயித்தெரிச்சல்.

யாழ்ப்பாணத்துல இருந்து கனடாவுக்குப் போன பிள்ளைங்க கல்யாணத்தப் பாருங்க. வெளிய பனி கொட்டும். பொண்ணு தாலி கட்டுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு கூறை, அதான் கல்யாணப் புடவை, மாத்திட்டு வரப் போகும். கூறைங்கிற வார்த்தைய நாமளே பாதி மறந்துட்டோம், அங்க பனிக்குள்ள அது உயிரோட இருக்கு.

பெல் அடிச்சுட்டீங்க, சரி ஐயா, கடைசியா ஒண்ணே ஒண்ணு, அது உங்களப் பத்தினது. நீங்க மேடை ஏறும்போதே கவனிச்சேன், எங்கப்பா பொண்ணுல்ல. பளிச்சுன்னு வேட்டி, மெல்லிசா ஒரு ஜரிகைக் கரை. கறுப்பு சிவப்பும் இல்ல, நடுவுல வெள்ளையும் இல்ல, பச்சையும் இல்ல, நீலமும் இல்ல. பீரோவத் தொறந்து, எந்தக் கட்சிக்காரனும் நம்ம ஆளுன்னு சொல்ல முடியாத ஒரு கரையாத் தேடி எடுத்துக் கட்டிட்டு வந்திருக்கீங்க. எதுக்கு ஐயா? அத மட்டும் சொல்லிட்டு தீர்ப்ப ஆரம்பிங்க.